லாலாங் புல் அடைத்த கன்று

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் மாடு வைத்திருந்தவர்களுக்கு சர்க்காரிடமிருந்து நல்ல சேதி வந்ததாக எனக்கு நினைவே இல்லை. தப்பு மேளம் அடித்துக்கொண்டு பியூன் வருகிறான் என்றால், ஒன்று ஏதாவது செய்யச் சொல்ல வருகிறான், இல்லாவிட்டால் செய்யாதே என்று சொல்ல வருகிறான். மாட்டுக் கொட்டாய்க்குக் கல் தரை போடு என்றார்கள், போட்டோம். சாணித் தண்ணீர் ஓடுவதற்குக் கால்வாய் வெட்டு என்றார்கள், அதையும் வெட்டினோம். மாடு கல் தரையில் படுத்தது, நாங்கள் பக்கத்திலேயே மண் தரையில் பாய் விரித்துப் படுத்தோம். இதைச் சொல்லி நான் சிரிப்பேன். எங்கள் வீட்டுக்காரர் சிரிக்க மாட்டார். "நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்பார். சர்க்கார் மேல் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு மரியாதை. எனக்கு அது அந்த வயதிலும் வரவில்லை, இந்த வயதிலும் வரவில்லை.

அப்போது அந்தப் பக்கம் பாதிக்கு மேல் சதுப்பு. சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்ததால் நம்மவர்கள் அதைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே சொல்வார்கள்; கம்பம் என்றால் மலாயில் கிராமம். காளவாய்ப் புகை ஒரு பக்கம், எருமைக் கிடைகளின் வாடை ஒரு பக்கம், செக்கில் எள் ஆட்டுகிற மணம் ஒரு பக்கம். எது எந்த நேரத்தில் மூக்கில் ஏறும் என்பது காற்றைப் பொறுத்தது. ஆண்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். பெண் முகத்தைப் பார்ப்பதுதான் அபூர்வம். என்னைப் போல் புருஷனோடு கப்பல் ஏறி வந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளை பெற்ற சமயத்தில் கைத்துணைக்கு ஒருத்தி இல்லை. எனக்குப் பால் வற்றியபோது, என் பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொள்ளவும் ஒருத்தி இல்லை.

பிள்ளை பெற்றதும் எனக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் போகும்போது பாலையும் கொண்டுபோய்விட்டது. பூண்டு, கருவாடு, முருங்கைக்கீரை என்று எதை எதையோ தின்று பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பெண் பிள்ளை. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். பசி எடுத்தால் அழ மாட்டாள், முதலில் உதட்டைச் சப்புக்கொட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன்.

எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு கறவை மாடு. செவலை. சாதுவான மாடு என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் செம்பை உதைத்துத் தள்ளும். என் குணம்தான் அதற்கும் என்று வீட்டுக்காரர் சொல்வார். எனக்குப் பாப்பா பிறந்த கையோடு அதுவும் ஒரு கிடேரிக் கன்று போட்டது. இரண்டு பெண் பிள்ளைகள் என்று அவருக்கு ஒரே பெருமை. செவலையின் பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி ஆற்றிப் பாப்பாவுக்குச் சங்கில் புகட்டினோம். ஒத்துக்கொண்டது. கன்னத்தில் சதை போட ஆரம்பித்தது. மீதிப் பாலை அவர் செம்பில் எடுத்துக்கொண்டு போய் வழக்கமான வீடுகளுக்கு ஊற்றிவிட்டு வருவார்.

அப்புறம் ஒருநாள் மழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தது. அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குத் தெரியும், அப்படி வந்தால் ரோடு எது வாய்க்கால் எது என்று அடையாளம் இருக்காது. நாங்கள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பலகை மேல் ஏறி நின்றோம். கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு, கால்வாய் மதகுக்குப் பக்கத்தில் கிடந்ததை அவர்தான் தூக்கி வந்தார். அன்று சாயங்காலம் செவலை கறக்கவில்லை. பாலை மடிக்குள் எக்கிக்கொண்டது. மடி கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது, காம்பில் ஒரு சொட்டு இல்லை. மாடு கத்துகிறது, இந்தப் பக்கம் பாப்பா உதட்டைச் சப்புக்கொட்டுகிறாள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதற்கு வழி தெரியும். கன்றின் தோலை உரித்து, சாம்பலும் உப்பும் தேய்த்துக் காயவைத்து, உள்ளே வைக்கோல் அடைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்து நிறுத்துவது. சிங்கப்பூரில் வைக்கோலுக்கு எங்கே போவது? அவர் குதிரைப் பந்தயத் திடலுக்குப் பின்னால் போய் லாலாங் புல் அறுத்து வந்து, காய வைத்து அடைத்தார். வயிறு கொஞ்சம் உப்பலாகிவிட்டது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னால் அதை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனால் செவலை பார்த்தது. முகர்ந்து பார்த்தது, நக்கியது, ம்ம் என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. மடி சுரந்துவிட்டது. அவர் குந்தி உட்கார்ந்து கறந்துகொண்டே அழுதார். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அதிலிருந்து அதுதான் கன்று. கறக்கிற நேரத்தில் அவர் அதைத் தூக்கி வந்து மாட்டின் முன்னால் நிறுத்துவார், மாடு நக்குவதற்காக முதுகில் கொஞ்சம் உப்புத் தண்ணீர் தெளிப்பார். கறந்த பிறகு பழைய இடத்தில் கட்டுவார். ஆமாம், கயிறு போட்டுத்தான் கட்டுவார். கன்று செத்துவிட்டது என்று கொட்டாய்க்குள் நாங்கள் யாரும் வாய் விட்டுச் சொன்னது கிடையாது. மாட்டின் காதில் விழுகிற மாதிரி அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. வெளியிலும் சொல்வதில்லை. கன்று செத்த மாட்டின் பாலை நம்மவர்கள் வாங்க யோசிப்பார்கள், சாமிக்கு அபிஷேகத்துக்கு எடுக்கவே மாட்டார்கள். யாராவது கன்று எப்படி இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது என்போம். எல்லாப் பால்காரர்களும் அப்படித்தான். அது பொய் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

கப்பலில் வந்த மாடுகளோடுதான் வெக்கை நோய் வந்தது. வாயெல்லாம் புண்ணாகி, கண்ணில் நீர் வடிந்து, வயிறு போய் மாடு சாகும். ஒரு கொட்டாயில் வந்தால் பக்கத்துக் கொட்டாயும் காலி. சர்க்கார் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. எருமைக் கிடையில் மாடுகள் வரிசையாக விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். மாடு போன வண்டிக்காரர்கள் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். ஆகவே தப்புச் சத்தம் கேட்டபோது இந்தத் தடவை எல்லோரும் வெளியே வந்து நின்று ஒழுங்காகக் கேட்டோம்.

மாட்டை இடம் மாற்றக் கூடாது. நோய் கண்டால் உடனே சொல்ல வேண்டும். செத்ததைத் தோலோடு ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். யாரும் தோண்டி எடுக்காதபடி தோலைக் கத்தியால் கீறிவிட வேண்டும். மாட்டுத் தோல் எதையும் வீட்டிலோ கொட்டாயிலோ வைத்திருக்கக் கூடாது. பியூன் இதைத் தமிழில் சொன்னான், மலாயில் சொன்னான். எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு உள்ளே போய்க் கன்றின் மேல் உப்புத் தண்ணீர் தெளித்துக் கறக்க உட்கார்ந்தார். எனக்கும் உறைக்கவில்லை. தோல் என்றால் தோல் கிடங்கில் அடுக்கி வைக்கிறார்களே, அது. இது எங்கள் கன்று.

அடுத்து மாடு கணக்கெடுக்க ஒரு கிராணி வந்தார், சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. நம் தமிழ் ஆள்தான். வெள்ளைக் கோட்டு, மெருகு போட்ட சப்பாத்து. சாணியில் கால் வைக்க மனசில்லாமல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"எத்தனை உருப்படிப்பா?"

"மாடு ஒண்ணு, கன்னு ஒண்ணுங்க ஐயா" என்றார் இவர்.

கிராணி எட்டிப் பார்த்தார். இருட்டில் செவலையும் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் கட்டியிருந்ததும் தெரிந்தது. எழுதிக்கொண்டு போய்விட்டார். கொட்டாய்க்குள் நின்றுகொண்டு, மாட்டை வைத்துக்கொண்டு, கன்று இல்லை என்று இவர் எப்படிச் சொல்வார்?

சில நாள் போனது. அக்கம்பக்கத்துக் கொட்டாய்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நோய் கண்ட மாட்டையும், அதோடு நின்ற மாட்டையும் சுட்டார்கள். சுட்ட மாட்டுக்கு சர்க்கார் ஏதோ கொடுக்கும் என்று பேசிக்கொண்டார்கள். நான் தினமும் செவலையின் வாயைத் திறந்து பார்ப்பேன். சுத்தமாக இருக்கும். மூக்கு ஈரமாக இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கஞ்சி இறங்கும். இந்த மாடு போனால் பாப்பா போய்விடுவாள் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலை மாட்டு டாக்டர் தொரையே வந்தார். சின்ன வயசு. வெயிலில் முகமெல்லாம் சிவந்து உரிந்திருந்தது. சாணி, மூத்திரம் எதையும் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்து செவலையின் வாயைத் திறந்தார், நாக்கைப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். நல்ல மாடு என்று தட்டிக்கொடுத்தார். கிராணி வாசலில் இருந்தபடியே மொழிபெயர்த்தார்.

"அடுத்தது கன்னு. அதைப் பிடிச்சு வாயைத் திறக்கச் சொல்றார்."

இவர் செவலையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா நிக்கிறே? கன்னைக் கொண்டா."

இவர் போய்க் கயிற்றை அவிழ்த்து, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து தொரையின் முன்னால் நிறுத்தினார். குச்சிக் கால் ஒன்று கல் தரையில் வழுக்கி, அது அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. தொரை முதலில் சிரித்துவிட்டார். சிரிப்பு வராத இடத்தில் சிரித்தாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் அவர் குனிந்து, தையலைத் தொட்டுப் பார்த்தார். புல்லைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். சிரிப்பு போய்விட்டது.

எப்போது செத்தது என்று கேட்டார். வெள்ளம் வந்தபோது என்றார் இவர். அப்படியானால் கணக்கெடுக்க வந்தபோது கன்று இருக்கிறது என்று ஏன் சொன்னாய் என்று கேட்டார். கணக்கின்படி கன்று உயிரோடு இருந்தது. இப்போது செத்துக் கிடக்கிறது. அப்படியென்றால் நடுவில்தான் செத்திருக்க வேண்டும். வெக்கையில்தான் செத்திருக்க வேண்டும். தெரிவிக்காமல் மறைத்து, தோலையும் உரித்து வைத்திருக்கிறாய். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வந்த மாதிரி பேசினார். கேட்டால் எனக்கே சரியாகத்தான் பட்டது.

"மாட்டு முன்னாடி அதைச் சொல்லக் கூடாதுங்க ஐயா. அதான் சொல்லலே" என்றார் இவர்.

கிராணி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இதை நான் எப்படிப்பா தொரைகிட்டச் சொல்றது? கேலி பண்றோம்னு நினைச்சுக்குவார்."

"நினைச்சா நினைச்சுக்கட்டும், நீங்க சொல்லுங்க" என்றேன் நான். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டாய்க் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிராணி சொன்னார். தொரை சிரிக்கவில்லை. செவலையைப் பார்த்தார். அது எதற்கும் கவலைப்படாமல், கீழே கிடந்ததை எட்டி எட்டி நக்கிக்கொண்டிருந்தது. சட்டப்படி இந்த மாட்டையும் சுட வேண்டும், ஆனால் மாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, சுட எனக்கு மனம் வரவில்லை என்றார். மாட்டை விட்டுவிடுகிறேன். தோலை மட்டும் இப்போதே எரித்துவிட வேண்டும். நோய் போகிற வரைக்கும் கொட்டாயைப் பூட்டி வைக்க வேண்டும், உங்களைத் தவிர யாரும் உள்ளே வரக் கூடாது, பாலை வெளியில் விற்கக் கூடாது. அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரர் அவர் காலில் விழுந்துவிட்டார். மாடு பிழைத்ததே என்று அவருக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். நான் கிராணியின் பக்கம் திரும்பினேன்.

"ஐயா, அது இருந்தாத்தான் மாடு கறக்கும். கறந்தாத்தான் இந்தப் புள்ளைக்குப் பால். எனக்கு வத்திப்போச்சு. அவர்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

கிராணி நல்ல மனுஷன், முழுதாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். தொரை பாப்பாவைப் பார்த்தார். கன்னத்தைத் தொடக் கையை நீட்டினார், கையெல்லாம் மாட்டு எச்சில் என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டார். டின் பால் வாங்கிக் கொடு என்றார். கொட்டாய்ப் பாலைவிட அது சுத்தம், எங்கள் பிள்ளைகளுக்கும் அதைத்தான் கொடுக்கிறோம் என்றார். அதுவும் நல்லதுக்குச் சொன்னதுதான்.

கொட்டாய்க்கு வெளியே வைத்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். உள்ளே காய்ந்த லாலாங், ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. செவலை முளைக்குச்சியை இழுத்துக்கொண்டு கத்திய கத்தலைக் கேட்டு ரோட்டில் போன ரிக்‌ஷாக்காரர்கள் நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் மாடு கறக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. அவர் ஒரு சாக்கில் புல் அடைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். செவலை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. கன்றைக் கட்டிய கயிற்றை அந்தச் சாக்கில் சுற்றிப் பார்த்தார். தவிட்டில் வெல்லம் போட்டுக் கொடுத்தார், புண்ணாக்கு ஊற வைத்துக் கொடுத்தார், மடியில் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார். எல்லாவற்றையும் தின்றது, பாலை மட்டும் விடவில்லை. அந்தத் தோலின் வாசனைதான் அதற்குக் கன்று. மாட்டை நாங்கள் ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோமே, எங்களைப் போல் முட்டாள் உண்டா?

ஒருநாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் மடிக்குப் பக்கத்தில் குந்தி இருக்கும்போது நான் பாப்பாவைத் துணியோடு தூக்கிக்கொண்டுபோய் மாட்டின் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. செவலை மூச்சு விட்டது. பாப்பா அந்தச் சூட்டுக்குக் கண்ணை மூடினாள். மாடு அவள் தலையை ஒரு தடவை நக்கியது. அப்புறம் அவளிடமிருந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்கு அந்த மாட்டின் மேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை. உன் பிள்ளை போனதற்கு என் பிள்ளை என்ன பண்ணினாள் என்று அதன் கொம்பைப் பிடித்து உலுக்கினேன். அவர்தான் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார்.

மற்ற கொட்டாய்களில் மாடு செத்திருந்தது, இல்லாவிட்டால் பூட்டியிருந்தது, அதனால் ஆட்டுப் பால் கேட்டு அவர் அலைந்தார். ஆடு வைத்திருந்தவர்களின் பட்டியையும் பூட்டிவிட்டார்கள். முக்கு மளிகைக் கடை ராவுத்தர் டின் பால் கொண்டுவந்து கொடுத்தார். "தங்கச்சி, கணக்கெல்லாம் பேசாதே, புள்ளையைப் பாரு" என்று வாசலில் வைத்துவிட்டுப் போவார். தித்திப்பான பால். தண்ணீர் கலந்து கொடுத்தால் பாப்பா ஆசையாகத்தான் குடித்தாள். ஆனால் வயிற்றில் நிற்கவில்லை. குடித்ததும் போகும். கன்னத்தில் போட்ட சதை எங்கே போனது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருந்துத் தண்ணீர் கொடுத்தார்கள், டின் பாலையே இன்னும் தண்ணீராகக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். எல்லோரும் சொன்னதைக் கேட்டேன், ஒருத்தர் சொன்னதையும் மீறவில்லை.

கடைசியில் அவள் உதட்டைச் சப்புக்கொட்டுவதையும் விட்டுவிட்டாள். ஒரு மத்தியானம், நான் மடியில் வைத்து விசிறிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். அவர் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கையிலேயே ஏந்திக்கொண்டு போனார். ராவுத்தர் கடையை அடைத்துவிட்டுக் கூடப் போனார். எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

செவலை அதற்குள் முழுதாக வற்றிவிட்டது. நான் கொட்டாய்ப் பக்கம் போவதை நிறுத்தினேன். அவர்தான் தண்ணீர் காட்டினார், புல் போட்டார். எங்களுக்குள் பேச்சும் குறைந்துவிட்டது. என்ன பேசுவது? கன்று ஒன்று என்று ஏன் சொன்னாய் என்று நான் அவரைக் கேட்கவா? அவர் இடத்தில் நான் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நோய் ஓய்ந்தது. சர்க்கார் ஆட்கள் கொட்டாய் கொட்டாயாக வந்து, இனிப் பூட்ட வேண்டாம் என்று சொன்னார்கள். தொரை அவரேதான். முகத்தில் தோல் உரிவது நின்று நல்ல நிறமாக இருந்தார். கிராணி வேறு ஆள், புதிதாக வந்தவர். தொரை நேராகச் செவலையிடம் போனார். வாயைத் திறந்து பார்த்தார், முதுகைத் தட்டினார், அதற்கு அவரை நினைவு இருக்கிறது என்று சிரித்தார். தெருவில் மாடு பிழைத்த கொட்டாய் எங்களுடையது ஒன்றுதான் போல. சொன்னதைச் சொன்னபடி கேட்டால் இப்படித்தான் என்று மற்றவர்களுக்கு எங்களைக் காட்டிச் சொல்லப்போகிறாராம். புதுக் கிராணி இதை எங்களிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

எங்கள் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார்.

"ஒரே ஒரு கேள்விதான், எல்லாக் கொட்டாயிலும் கேக்கறதுதான். பூட்டி வச்சிருந்த நாள்ல சாவு ஏதாச்சும் உண்டா?" என்றார் புதுக் கிராணி.

நான்தான் முன்னால் வந்தேன்.

"ஒண்ணு" என்றேன்.

கிராணிக்கு முகம் மாறியது. தொரையிடம் ஏதோ சொன்னார். தொரை திரும்பி, கொட்டாய் மூலைகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்தார். கிராணி பென்சிலை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"மாடா, கன்னா?"